மெழுகு சூடாக்கி: சுடர் இல்லை, ஆபத்து உண்டு

மின்சார மெழுகு சூடாக்கி என்பது வாசனை மெழுகைக் கொளுத்தாமல் உருக்கும் வீட்டுச் சாதனம். கடைகளில் ‘வாக்ஸ் வார்மர்’ என்ற பெயரில் கிடைக்கிறது. மேலே ஒரு சிறு கிண்ணம். அடியில் ஒரு பல்பு அல்லது சூடேறும் தட்டு. கிண்ணத்தில் இடும் மெழுகுக் கட்டி உருகும்போது, அதில் கலந்த வாசனை எண்ணெய் காற்றில் பரவுகிறது. மெழுகு எரிவதில்லை, அளவும் பெரிதாகக் குறைவதில்லை. மணம் தீர்ந்ததும் மெழுகை மாற்ற வேண்டும்.

மெழுகுவத்தியின் சுடர் 1,000 டிகிரி செல்சியசைத் தாண்டும். பாரஃபின் மெழுகு உருக ஏறத்தாழ 50 முதல் 65 டிகிரி போதும். திரைச்சீலை பற்றிக்கொள்ளும் அபாயமும், சுவரில் படியும் கரியும் சூடாக்கியில் குறைவு. அந்த வகையில் மெழுகுவத்தியை விட்டு இதற்கு மாறுவது நல்ல முடிவே. ஆனால் சுடர் இல்லை என்றதும் ஆபத்தே இல்லை என்று பலர் தீர்மானித்துவிடுகிறார்கள். இரவெல்லாம் ஓடவிட்டுத் தூங்குகிறார்கள். வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போகிறார்கள். சூடாக்கியும் இஸ்திரிப் பெட்டியைப் போல வெப்பம் உண்டாக்கும் மின்சாதனம். ஆள் இல்லாத அறையில் இதை ஓடவிடக் கூடாது. கிண்ணத்துக்கு அடியில் சிறு மெழுகுவத்தி ஏற்றி வைக்கும் பீங்கான், களிமண் வகைகளிலோ சுடரே இருக்கிறது. அவற்றுக்கு மெழுகுவத்திக்கு உரிய எச்சரிக்கை அத்தனையும் பொருந்தும்.

வோல்ட்டும் வாட்டும்

அடிக்கடி நேரும் தவறு, அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த சூடாக்கியை இங்குள்ள சாக்கெட்டில் செருகுவது. அது 120 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது. இந்தியாவில் வருவது 230 வோல்ட். வோல்ட் இரு மடங்கை நெருங்கினால், சூடேறும் கம்பி இழுக்கும் மின்திறன் மூன்றரை மடங்குக்கு மேல் ஏறும். பல்பு வெடிக்கலாம், தட்டு கருகலாம். பிளக்கின் வடிவத்தை மாற்றித் தரும் சிறு அடாப்டர் வோல்ட்டைக் குறைக்காது. பிளக் பொருந்துகிறது என்பதற்காக மின்னழுத்தமும் பொருந்திவிடாது. சாதனத்தின் அடிப்பக்கத்தில் 230 என்றோ, 220–240 என்றோ அச்சிடப்பட்டிருக்காவிட்டால் அதைச் செருகவே கூடாது.

பல்பு வகைச் சூடாக்கிகளுக்குப் பொதுவாக 15 முதல் 25 வாட் வரையிலான பல்பைக் குறிப்பிட்டிருப்பார்கள். மெழுகு சீக்கிரம் உருகட்டும் என்று 40 வாட் பல்பைப் போடுவது தீயை அழைக்கும் செயல். பிறகு இழப்பீடு கேட்கும்போதும் இதுவே தடையாகும்: தவறாகப் பயன்படுத்திய, மாற்றியமைத்த பொருளுக்கு விற்பனையாளர் பொறுப்பாக மாட்டார் என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 87ஆம் பிரிவு சொல்கிறது.

வாங்கும்போது

பெட்டியின்மேல் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை, புகார் தெரிவிக்கும் தொடர்பு விவரம் ஆகியவை இருக்க வேண்டும். இறக்குமதியான பொருள் என்றால் எந்த நாட்டில் தயாரானது என்பதும் வேண்டும். 2011ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகள் இதைக் கட்டாயமாக்கியுள்ளன. இவை இல்லாமல் விற்றால், தமிழ்நாட்டில் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் புகார் தர வேண்டும். பிளக்கில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உரிம எண்ணும் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். அந்த எண் உண்மையானதா என்பதை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் சரிபார்க்கலாம். போலி என்றால் அதிலேயே புகாரும் தரலாம். முத்திரை இல்லாத பிளக்குகள் கடைத்தெருவில் குவிந்து கிடப்பதை அதிகாரிகள் கண்டும் காணாமல் இருக்கும்வரை, இந்தச் சோதனையை வாங்குபவரே செய்தாக வேண்டியிருக்கிறது.

பயன்படுத்தும்போது

சமமான, எளிதில் தீப்பற்றாத பரப்பில், குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். ஒயர் மேசை விளிம்பில் தொங்கக் கூடாது. குழந்தை இழுத்தால் உருகிய மெழுகு அதன்மேல் கொட்டும். மெழுகு தோலில் பட்டால் உடனே பிய்த்தெடுக்காமல், 20 நிமிடம் குளிர்ந்த குழாய்நீரில் காட்டிய பிறகு மருத்துவரிடம் செல்ல வேண்டும். பற்பசை, மாவு எதையும் தடவக் கூடாது. தீப்பிடித்தால் எரியும் மெழுகில் தண்ணீர் ஊற்றக் கூடாது. மெயின் சுவிட்சை அணைத்து, மூடி போட்டு மூடி, 101 அல்லது 112 எண்ணை அழைக்க வேண்டும். பழைய மெழுகை உருக்கித் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். இறுகவிட்டுக் குப்பையில் போடுவதே முறை. புகை இல்லாவிட்டாலும் வாசனைப் பொருள்கள் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சிரைப்பைத் தூண்டலாம். சன்னலைத் திறந்துவைக்க வேண்டும்.

பழுதாகி இழப்பு நேர்ந்தால்

பெரும்பாலோர் முதலில் செய்வது, கருகிய சாதனத்தைக் குப்பையில் எறிவது. அதுதான் வழக்கின் முதன்மைச் சான்று. அதைத் துடைக்காமல், பிரிக்காமல், உறையிலிட்டுப் பத்திரப்படுத்த வேண்டும். பில், பெட்டி, எரிந்த இடத்தின் படங்கள், மருத்துவச் சீட்டு, தீயணைப்புத் துறையின் அறிக்கை ஆகியவற்றையும் சேர்த்து வைக்க வேண்டும்.

அடுத்து விற்பனையாளருக்கு எழுத்தில் புகார் அனுப்ப வேண்டும். இணையத்தில் வாங்கியிருந்தால், அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். ஒற்றை நட்சத்திர மதிப்பீடு போட்டுவிட்டுச் சும்மா இருப்பது புகார் ஆகாது. பலனில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம். அங்கே சமரசத்துக்கு முயல்வார்கள்; உத்தரவிடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை.

உத்தரவு வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். திருநெல்வேலியில் வசிப்பவர் அங்கேயே மனு தரலாம். நிறுவனம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயமில்லை. தேதிவாரியாக நடந்ததைச் சொல்லும் மனு, பிரமாணப் பத்திரம், ஆவண நகல்கள் போதும். ‘வெளிநாட்டுச் சரக்கு, எங்களுக்குத் தெரியாது’ என்று கடைக்காரர் கைவிரிக்க முடியாது. தயாரிப்பாளர் யாரென்று தெரியாவிட்டாலோ, இந்தியச் சட்டத்துக்குக் கட்டுப்படாதவராக இருந்தாலோ, விற்றவரையே பொறுப்பாக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 86ஆம் பிரிவு வழிசெய்கிறது. வெளிநாட்டில் வாங்கிப் பரிசாக வந்த பொருளுக்கு இந்த வழி ஏறத்தாழ மூடியே இருக்கிறது.

ஒரே தயாரிப்பு பல வீடுகளில் கருகினால், அதே சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி மாவட்ட ஆட்சியருக்கோ மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கோ மனு அளிக்கலாம். ஆபத்தான பொருளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறச் சொல்லும் அதிகாரம் அந்த ஆணையத்துக்கு உண்டு. ஆட்சியர் அலுவலகத்தில் மனுவை வாங்கி வைத்துக்கொண்டு ‘போய் வாருங்கள்’ என்று சொன்னால் நகரக் கூடாது; ஒப்புகைச் சீட்டுடன்தான் திரும்ப வேண்டும்.

மாவட்ட ஆணையத்தில் மனு தரக் காலவரம்பு, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள். உதவி எண்ணில் பேசிக்கொண்டிருப்பதாலோ, நிறுவனத்தின் பதிலுக்குக் காத்திருப்பதாலோ இந்தக் கணக்கு நிற்காது. தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் ஆணையம் மன்னிக்கலாம். ஆனால் அதை நம்பி நாளைக் கடத்தக் கூடாது. வழக்கு முடியும்வரை கருகிய சாதனம் வீட்டிலேயே இருக்கட்டும்.