களி கிண்டாத நாள் பட்டினி நாள்!

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் மானாவாரியாக விதைக்கிற கேழ்வரகுக்குப் பூர்வீகம் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலங்கள். சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இங்கு வந்து சேர்ந்த தானியம் இது. அந்தக் கண்டத்தில், இன்றைய ஜாம்பியாவின் வடபகுதியில், கேழ்வரகையே உயிராக நினைத்து வாழ்ந்தவர்கள் பெம்பா மக்கள்.

ஆட்ரி ரிச்சர்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் மானிடவியல் ஆய்வாளர் 1930-ல் அவர்களிடம் போனார். எந்த வீட்டில் என்ன சமைத்தார்கள், எவ்வளவு, யாருக்கெல்லாம் பங்கு போனது என்று எடைபோட்டுக் குறித்தார். அன்றன்று யார் என்ன வேலை பார்த்தார்கள் என்பதையும் எழுதி வைத்தார். 1939-ல் அது நூலாக வந்தது.

கொதிக்கும் நீரில் கேழ்வரகு மாவைப் போட்டுக் கெட்டியாகக் கிண்டுவதற்கு அவர்கள் வைத்த பெயர் உபுவாலி. கையால் உருட்டி, கீரையிலோ மீன் குழம்பிலோ தொட்டுச் சாப்பிடுவார்கள். நம் களியேதான். சுட்ட மக்காச்சோளக் கதிர்களை வயிறு நிறையத் தின்றவர்களே, கொஞ்ச நேரத்தில் ‘இன்றைக்கு ஒன்றும் சாப்பிடவில்லை’ என்று சொன்னதை ரிச்சர்ட்ஸ் கவனித்தார். பொய் இல்லை, உபுவாலி வராதவரை அது அவர்களுக்குச் சாப்பாட்டுக் கணக்கில் சேராது. எத்தனை இட்லி தின்றாலும் ‘இன்னும் சோறு சாப்பிடலை’ என்கிற நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

சாகுபடியும் தனி விதம். ஆண்கள் மரமேறிக் கொம்புகளை மட்டும் கழிப்பார்கள். அடிமரம் நிற்கும், மறுபடி துளிர்க்கும். காய்ந்த கொம்புகளைப் பெண்கள் தலைச்சுமையாகக் கொண்டுவந்து ஓரிடத்தில் குவிப்பார்கள். மழைக்கு முன் தீ வைத்து, அந்தச் சாம்பலில் விதைப்பார்கள். புளித்த மண்ணுக்குச் சாம்பல் உரமாகும். சூட்டில் களை விதையும் சாகும். மரம் வெட்டத் தொடங்கும்போதும், விதைக்கும்போதும், முதல் கதிர் எடுக்கும்போதும் தலைவர் முன்னோரை வேண்டிச் சடங்கு செய்வார். கூடி வேலை செய்தவர்களுக்குக் கேழ்வரகுப் பீர்.

பெண் குழந்தை வயதுக்கு வந்தால் ‘சிசுங்கு’ என்ற சடங்கு பல நாள் நடக்கும். 1931-ல் ரிச்சர்ட்ஸ் அதை நேரில் பார்த்தார். சமையலும் தோட்ட வேலையும் அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே தெரியும். இனி அது விளையாட்டு இல்லை, அவள் பொறுப்பு என்று ஊரறியச் சொல்வதே சடங்கின் வேலை என்றார்.

அந்த நேரத்தில் தாமிரச் சுரங்கங்கள் ஆட்களை இழுத்தன. பல ஊர்களில் உழைக்கும் வயது ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இல்லை. மரமேற ஆளில்லாமல் கேழ்வரகு நிலம் சுருங்கியது. அறுவடைக்கு முந்தைய மழை மாதங்களில் பஞ்சம் வாட்டியது. சோம்பேறிகள் என்று வெளியார் திட்டியவர்கள் உண்மையில் அரை வயிற்றோடு இருந்தார்கள் என்பதை ரிச்சர்ட்ஸின் கணக்குகள் காட்டின. அதற்கும் முன்பே கம்பெனி ஆட்சி இந்தச் சாகுபடியைத் தடை செய்து பார்த்து, சில ஆண்டுகளில் கைவிட்டிருந்தது.

ஆனால் ரிச்சர்ட்ஸ் பயந்த அளவுக்கு எல்லாம் குலைந்துவிடவில்லை. ஹென்ரியெட்டா மூர், மேகன் வாகன் இருவரும் அதே பகுதியை மறுபடி ஆராய்ந்து 1994-ல் நூல் வெளியிட்டார்கள். மரவள்ளி போட்டும், உறவுக்காரர்களிடம் கைமாற்று வாங்கியும் பெண்கள் குடும்பத்தைத் தாங்கியிருக்கிறார்கள்.

இன்று ஜாம்பியாவில் மக்காச்சோள மாவில் கிண்டுவதுதான் அன்றாடச் சாப்பாடு. பெம்பா மொழியில் அதற்கும் உபுவாலி என்றே பெயர். கேழ்வரகை இப்போது பெரும்பாலும் பீர் காய்ச்சத்தான் விதைக்கிறார்கள்.