விதி என்னும் சொல்லும் இயற்பியலின் இயல்பும்: கடலூர், சிதம்பரம் வட்டாரச் சான்றுகளின் வழி ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

இயற்பியல் விதி என்பது இயற்கைக்கு இடப்பட்ட கட்டளை அன்று. அளவீடுகளிலிருந்து திரட்டப்பட்டு, தன் எல்லையைத் தானே அறிவித்து, மீண்டும் அளவீட்டுக்கு உட்படும் கூற்று அது. பள்ளிக் கல்வியில் விதிகளின் வாசகம் கற்பிக்கப்படும் அளவுக்கு இவ்வியல்பு கற்பிக்கப்படுவதில்லை. 'விதி' என்னும் தமிழ்ச் சொல் முன்பே சுமந்துவரும் பொருள்கள் இதற்கு ஒரு காரணம் என இக்கட்டுரை கருதுகிறது. நெய்வேலிச் சுரங்கத்தின் நீரழுத்தம், 2004-ஆம் ஆண்டு கடலூர்க் கடற்கரையைத் தாக்கிய ஆழிப்பேரலை, சிதம்பரம் பற்றிய காந்த நடுக்கோட்டுச் செய்தி ஆகிய மூன்று சான்றுகளின் வழி இயற்பியல் விதியின் இயல்பை மாணவர்க்கு விளக்கும் முறையை இது முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: இயற்பியல் விதி, கலைச்சொல், அளவீடு, நெய்வேலி, ஆழிப்பேரலை, காந்தச் சரிவு, அறிவியல் கல்வி.

முன்னுரை

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலின் முதல் அலகு இயக்க விதிகளைப் பற்றியது. பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் நூலோ இயல் உலகின் தன்மையையும் அளவீட்டியலையும் முதலில் வைக்கிறது. விதிகளை முன்னும், விதி என்பது யாது என்னும் வினாவைப் பின்னுமாக மாணவர் சந்திக்கின்றனர். நியூட்டனின் மூன்று விதிகளையும் பிழையின்றி ஒப்பிக்கும் மாணவரிடம், "எது நடந்தால் இவ்விதி தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள்?" என்று வினவினால் அவர் திகைக்கக்கூடும். அவ்வினாவுக்கு விடை இருப்பதே இயற்பியலைப் பிற அறிவுத்துறைகளினின்று வேறுபடுத்தும் முதன்மைப் பண்பாகும். அதனை மாணவர் உணராதபோது, இயற்பியல் மனனப் பாடமாகச் சுருங்குவதுடன், 'அறிவியல்' என்னும் முத்திரையுடன் கைப்பேசியில் வரும் எச்செய்தியையும் ஏற்கும் மனநிலையும் உருவாகிறது.

'விதி' என்னும் சொல்லின் பொருட்சுமை

தமிழில் விதி என்னும் சொல் குறைந்தது மூன்று தளங்களில் வழங்குகிறது. முதலாவது, ஊழ் என்னும் பொருள். தலைவிதி, விதிப்பயன் முதலிய வழக்குகளில் அது மாற்ற இயலாத ஆற்றலைச் சுட்டுகிறது. இரண்டாவது, கட்டளை என்னும் பொருள். சாலை விதி, பணி விதி ஆகியன மீறத்தக்கவை. மீறினால் தண்டனை உண்டு. மூன்றாவது, இலக்கண நெறி என்னும் பொருள். புணர்ச்சி விதிகளை எல்லாத் தமிழ் மாணவரும் அறிவர். அவற்றுடன் விதிவிலக்கு என்னும் கருத்தையும் அறிவர்.

இயற்பியல் விதி இம்மூன்றனுள் எதனோடும் முழுமையாகப் பொருந்துவதில்லை. அது ஊழ் அன்று, அளவிட்டுத் திருத்தத்தக்கது. அது கட்டளையும் அன்று. கல் கீழே விழுவது ஈர்ப்பு விதிக்கு அஞ்சி அன்று, கற்கள் விழும் முறையைச் சுருங்கக் கூறுவதே அவ்விதி. இலக்கண நெறி மட்டும் ஓரளவு அருகில் வருகிறது. இலக்கியத்தைக் கண்டே இலக்கணம் வகுக்கப்படும் என்பது தமிழ் மரபின் தெளிந்த கருத்து. அதுபோல, நிகழ்வுகளைக் கண்டே இயற்பியல் விதி வகுக்கப்படுகிறது. தமிழாசிரியரும் அறிவியல் ஆசிரியரும் கூடிப் பயன்படுத்தத்தக்க ஒப்புமை இது.

எனினும், ஒரு வேறுபாட்டைச் சுட்டியாக வேண்டும். இலக்கணம் விதிவிலக்கை ஏற்று, அதனையும் ஒரு நூற்பாவாக்கிக் கொள்ளும். இயற்பியலில் உறுதிப்பட்ட ஒரு விலக்கு கிடைத்தால், விதி கைவிடப்படும். அல்லது அதன் எல்லை குறுக்கி வரையறுக்கப்படும். 1687-இல் வெளிவந்த நியூட்டனின் இயக்க விதிகள் ஒளியின் திசைவேகத்தை நெருங்கும் பொருள்களுக்குப் போதா என்பதை 1905-இல் ஐன்ஸ்டைன் வெளியிட்ட சார்பியல் கோட்பாடு காட்டியது. அதனால் நியூட்டன் விதிகள் பொய்த்துவிடவில்லை. அவற்றின் ஆட்சி எல்லை தெளிவாயிற்று.

கலைச்சொல் வழக்கிலும் சீர்மை தேவைப்படுகிறது. பாஸ்கல் 'விதி' என்றும், ஆர்க்கிமிடிஸ் 'தத்துவம்' என்றும், சார்பியல் 'கோட்பாடு' என்றும் வழங்குகிறோம். தத்துவம் என்பது மெய்யியலுக்கும் பெயர். தமிழ்நாட்டில் இயற்பியல் என வழங்கும் துறை இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் பௌதிகவியல் எனப்படுகிறது. சொற்கள் வேறுபடுவதில் குற்றமில்லை. எச்சொல் எவ்வகைக் கூற்றைக் குறிக்கிறது என்பதை வகுப்பில் சொல்லாமல் விடுவதே சிக்கல்.

விதி எங்கும் ஒன்றே: நெய்வேலியின் நீரழுத்தம்

கடலூர் மாவட்ட மாணவர்க்குப் பாய்ம அழுத்தத்தை விளக்க நெய்வேலியினும் சிறந்த சான்று இல்லை. 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீருடன் கரிய பொருள் வெளிவந்த செய்தி பரவலாக அறியப்பட்டது. 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. சுரங்கப் பணியில் எதிர்ப்பட்ட பெரும் இடர் நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே அழுத்தத்தில் அடைபட்டிருந்த நிலத்தடி நீராகும். அது மேல்நோக்கிச் செலுத்தும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம் எடை அளவினது.

இவ்வளவை மாணவர் தாமே விரித்துப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டரில் 10,000 சதுர சென்டிமீட்டர் உள்ளன. எனவே ஒரு சதுர மீட்டர் தரையை 60 முதல் 80 டன் எடைக்கு நிகரான விசை கீழிருந்து தள்ளுகிறது. 10 மீட்டர் உயர நீர்த்தம்பம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடை அழுத்தம் தரும் என்பதால், இது 60 முதல் 80 மீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தமாகும். மேலுள்ள மண்ணின் எடை இருக்கும்வரை இரு விசைகளும் சமன்பட்டிருக்கும். நிலக்கரியை எடுக்க மண்ணை அகற்றினால் சமநிலை குலையும். சுரங்கத்தின் அடித்தளம் வெடித்து நீர் புகும். ஆகவேதான் சுரங்கத்தைச் சுற்றி ஆழ்குழாய்கள் அமைத்து இரவும் பகலும் நீர் இறைத்து அழுத்தம் குறைக்கப்படுகிறது.

குழாயால் இணைத்த இரு மருந்தூசிக் குழல்களில் நீர் நிரப்பி மாணவர் செய்யும் சோதனையில் காணப்படுவதும், பழுதுபார்க்கும் கடையில் வண்டியைத் தூக்கும் நீரியல் தூக்கியில் செயற்படுவதும், நெய்வேலியின் ஆழத்தில் செயற்படுவதும் ஒரே அழுத்த விதிகளே. அளவு மாறினும் கூற்று மாறாமை இயற்பியல் விதியின் முதற்பண்பு.

இங்கு மற்றொன்றையும் தெளிவுபடுத்தலாம். எவ்வளவு அழுத்தத்தைக் குறைக்க வேண்டும் என்பதை விதி கூறும். இறைத்த நீரை எவருக்கு எவ்வளவு பகிர வேண்டும் என்பதை அது கூறாது. அது மக்களும் அரசும் முடிவு செய்ய வேண்டியது. இயற்பியல் விதி நிகழ்வதைக் கூறும். நிகழ வேண்டியதைக் கூறாது. கட்டளை என்னும் பொருளிலிருந்து அது விலகும் இடம் இதுவே.

விதிக்கு எல்லை உண்டு: ஆழிப்பேரலையின் வேகம்

2004-ஆம் ஆண்டு திசம்பர் 26 அன்று இந்திய நேரப்படி காலை 6.28 மணியளவில் சுமத்திரா அருகே பெரும் நிலநடுக்கம் நிகழ்ந்தது. கடலடித் தளத்தின் முறிவு வடக்கே அந்தமான் வரை நீண்டது. அதன் விளைவாக எழுந்த அலைகள் ஏறத்தாழ இரண்டு முதல் இரண்டரை மணி நேரத்தில் தமிழகக் கடற்கரையை அடைந்தன. கடலூர் மாவட்டத்தில் மட்டும் பல நூறு உயிர்கள் மாண்டன.

இந்நேர அளவைப் பள்ளிக் கணிதத்தால் பெறலாம். அலைநீளம் கடலின் ஆழத்தைவிட மிகப் பெரிதாக இருக்கும்போது, அலையின் வேகம் ஈர்ப்பு முடுக்கத்தையும் ஆழத்தையும் பெருக்கி வரும் எண்ணின் வர்க்கமூலத்துக்குச் சமம். ஆழத்தை 3,000 மீட்டர் எனக் கொண்டால் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 171 மீட்டர். அதாவது மணிக்கு 600 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. 1,500 கிலோமீட்டர் கடக்க இரண்டரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவே ஆகும். கரையருகே ஆழம் 10 மீட்டராகக் குறையும்போது வேகம் நொடிக்கு 10 மீட்டராகிறது. வேகம் குறைய, அலை தாங்கிவந்த ஆற்றல் குறுகிய நீர்ப்பரப்பில் செறிந்து அதன் உயரத்தைக் கூட்டுகிறது. ஆழ்கடலில் படகிலிருந்தோர் உணராத அலை கரையில் சுவராக எழுந்ததன் காரணம் ஆற்றல் அழிவின்மை விதியில் உள்ளது.

இவ்வேக விதிக்கு ஓர் எல்லை உண்டு. ஆழ்கடலில் காற்று எழுப்பும் அலைகளின் நீளம் ஆழத்தைவிட மிகச் சிறிது. எனவே அவை இதற்குக் கட்டுப்படா. 'அலைநீளம் ஆழத்தைவிட மிகப் பெரிதாக இருக்கும்போது' என்னும் தொடர் விதியின் பிற்சேர்க்கை அன்று. விதியின் உறுப்பே ஆகும். தேர்வுக்காக வாய்பாட்டை மட்டும் மனனம் செய்யும்போது முதலில் உதிர்வது இத்தொடர்தான்.

ஒரு மீட்டர் நீளமுள்ள தட்டில் நீர் ஊற்றி ஒரு முனையைச் சற்றே உயர்த்தி இறக்கினால் நீண்ட அலை ஒன்று முன்னும் பின்னும் செல்லும். நீரின் ஆழம் 1 சென்டிமீட்டராக இருந்தால் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 31 சென்டிமீட்டர். 4 சென்டிமீட்டராக இருந்தால் 63 சென்டிமீட்டர். ஆழம் நான்கு மடங்கானால் வேகம் இரு மடங்காதல் வேண்டும். ஆகிறதா என்பதை மாணவரே நேரங்காட்டியால் அளந்து காணலாம்.

இவ்விதி 18-ஆம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டது. 2004-இல் கடலூர் மக்களுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. அதனை எச்சரிக்கையாக மாற்றும் அமைப்பு இல்லை. இந்திய ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் ஐதராபாத்தில் 2007-இல்தான் நிறுவப்பட்டது. விதியை அறிதலும் அதனைப் பயன்கொள்ளுதலும் வேறு வேறு என்பதற்கு இதனினும் கடுமையான சான்று இல்லை.

கூற்று அளவீட்டுக்கு உட்படும்: சிதம்பரமும் காந்த நடுக்கோடும்

சிதம்பரம் நடராசர் கோயில் உலகின் காந்த நடுக்கோட்டின் மையப் புள்ளியில் அமைந்துள்ளது என்னும் செய்தி பல ஆண்டுகளாகப் பரவி வருகிறது. காளத்தி, காஞ்சிபுரம், சிதம்பரம் ஆகிய மூன்று தலங்களும் ஒரே தீர்க்கக்கோட்டில் உள்ளன என்னும் கூற்றும் அதனுடன் சேர்ந்து வருகிறது. இவ்விரண்டையும் ஏற்கவோ எள்ளவோ முற்படாமல் அளந்து பார்ப்பதே இயற்பியல் வழி.

தீர்க்கக்கோட்டுக் கூற்று அளவீட்டில் பெரிதும் நிற்கிறது. மூன்று கோயில்களும் கிழக்குத் தீர்க்கம் 79.7 பாகைக்கு மிக அருகில் உள்ளன. அவ்வாறு அமைந்தது திட்டமிட்டா, தற்செயலாகவா என்பது வரலாற்றாய்வுக்குரிய வினா.

காந்த நடுக்கோட்டுக் கூற்று நிற்பதில்லை. தடையின்றி மேலும் கீழும் சாயத்தக்க காந்த ஊசி கிடைத்தளத்துடன் ஏற்படுத்தும் கோணம் காந்தச் சரிவு எனப்படும். அது சுழியாகும் இடங்களை இணைக்கும் கோடே காந்த நடுக்கோடு. அக்கோடு இந்தியாவில் தென்முனைப் பகுதியை ஒட்டிச் செல்கிறது. 1963 நவம்பர் 21 அன்று முதல் ஏவூர்தி செலுத்தப்பட்ட திருவனந்தபுரத்து தும்பா ஏவுதளம், அக்கோட்டுக்கு அருகில் இருந்தமையாலேயே தேர்ந்தெடுக்கப்பட்டது. இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஆய்வகம் அமைத்திருப்பதும் இக்காரணம் பற்றியே. தும்பாவின் அகலாங்கு ஏறத்தாழ 8.5 பாகை, சிதம்பரத்தின் அகலாங்கு 11.4 பாகை. வடக்கு தெற்காக வேறுபாடு 300 கிலோமீட்டருக்கு மேல். புவியை எளிய இருமுனைக் காந்தமாகக் கொண்டு கணித்தால் சிதம்பரத்தில் ஊசியின் வடமுனை ஏறத்தாழ 6 பாகை கீழ்நோக்கிச் சாய வேண்டும், சுழியாக இராது. மேலும், புவியைச் சுற்றிவரும் ஒரு கோட்டுக்கு மையப் புள்ளி என ஒன்று இல்லை. அக்கோடும் காலப்போக்கில் இடம் பெயர்வது.

20 சென்டிமீட்டர் நீளமுள்ள ஊசியில் 6 பாகைச் சரிவு என்பது முனையில் ஒரு சென்டிமீட்டர் தாழ்வாகும். ஊசியைக் காந்தமாக்குவதற்கு முன் நூலில் துல்லியமாகச் சமன்செய்து கட்டுதல் வேண்டும். அதில் நேரும் சிறு பிழையே சரிவை மறைத்துவிடக்கூடும். பிழையின் அளவைக் குறிப்பதும் அளவீட்டின் பகுதி என்பதை மாணவர் இங்கு கற்பர்.

இதனால் சிதம்பரத்தின் பெருமை குறைவதில்லை. ஆகாயத் தலம் என்னும் அதன் சமயப் பொருளோ, ஆடல்வல்லான் வடிவத்தின் கலைச் சிறப்போ காந்த ஊசியைச் சார்ந்தன அல்ல. 2004-இல் இந்தியா வழங்கிய நடராசர் சிலை செனீவாவில் உள்ள ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வகத்தில் நிறுவப்பட்டது. துகள்களின் ஓயாத இயக்கத்துக்கு அந்த ஆடல் ஓர் உவமை. உவமை பொருள் விளங்கச் செய்யும். விதி பொய்யாதல் கூடும் என்னும் இடருக்குத் தன்னை உட்படுத்தும். இரண்டையும் மதிக்கலாம், ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளலாகாது.

முடிவுரை

மேற்கண்ட விளக்கத்தால் பெறப்படுவன வருமாறு.

1. 'விதி' என்னும் சொல்லின் முன்வழக்குகளான ஊழ், கட்டளை, இலக்கண நெறி ஆகியவற்றிலிருந்து இயற்பியல் விதியை வேறுபடுத்திக் காட்டிய பின்னரே விதிகளைக் கற்பித்தல் நலம்.

2. எங்கும் ஒன்றாதல், எல்லை உடைமை, அளவீட்டுக்கு உட்படுதல் ஆகிய மூன்றும் இயற்பியல் விதியின் பண்புகள். இவற்றை முறையே நெய்வேலி, கடலூர்க் கடற்கரை, சிதம்பரம் ஆகிய இடங்களைக் கொண்டு மாணவர்க்கு உணர்த்தலாம்.

3. வினாத்தாளில் விதியைக் கூறுக என்பதுடன், அவ்விதி எந்நிலையில் பொருந்தாது, எவ்வளவீடு அதனைப் பொய்ப்பிக்கும் என்னும் வினாக்களும் இடம்பெறுதல் வேண்டும்.

இவ்வினாக்களுக்கு விடையளிக்கப் பழகிய மாணவர், தம் கைப்பேசிக்கு வரும் அடுத்த செய்தியிடமும் அவற்றைக் கேட்பர்.