காஞ்சியின் குடலை இட்லி

பொழுது புலர்ந்தது முதல் அந்தி வரை தறியில் அமர்ந்து உழைப்பவர்க்குக் காலை உணவு எத்தகையதாய் இருத்தல் வேண்டும்? பசியைத் தாங்க வேண்டும். வயிற்றில் கனமாய்க் கிடத்தலும் ஆகாது. இன்று மைதா ரொட்டியும் பரோட்டாவும் தெருவெங்கும் கிடைக்கின்றன. ஆயினும் செரிமானத்திற்கு இசைந்த பழைய பண்டம் நம் ஊரிலேயே இருக்கிறது. அதுவே காஞ்சிபுரம் இட்லி.

வரதராஜப் பெருமாள் கோயிலில் நிவேதனமாகும் இதனைக் கோயில் இட்லி என்றும் குடலை இட்லி என்றும் வழங்குவர். பச்சரிசியையும் உளுந்தையும் ஊறவைத்துக் கொரகொரப்பாக அரைத்துப் புளிக்க வைப்பர். மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் சேர்த்து, மந்தாரை இலை பரப்பிய நீண்ட மூங்கிற் குடலையில் வார்த்து ஆவியில் அவிப்பர். வேக ஏறக்குறைய 3 மணி நேரமாகும்.

மேல்நாட்டு ரொட்டி ஈஸ்டினால் உப்புகிறது. கோதுமையின் பசைப்புரதம் அக்காற்றைப் பிடித்துக்கொள்கிறது. அரிசியில் அப்பசை இல்லை. இட்லி மாவில் அவ்வேலையைச் செய்வது உளுந்தின் புரதமும் கொழகொழப்புமே. மாவை உப்பச் செய்வது முக்கியமாக லூக்கோனாஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் என்னும் நுண்ணுயிர் என்று 1965-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஊறுதலாலும் புளித்தலாலும் உளுந்தில் வாயுவை உண்டாக்கும் சர்க்கரைப் பொருள்கள் குறைகின்றன. வாயுவுக்கு மருந்தென நம் முன்னோர் கருதிய சுக்கும் பெருங்காயமும் உடன் சேர்ந்திருப்பது கருதத்தக்கது.

ஆகவே இவ்வுணவின் உயிர் காலம். அவசரத்தில் ஆப்ப சோடாவை இட்டால் மாவு பொங்கும். ஆனால் இரவெல்லாம் நிகழும் புளிப்பின் பயன் கிட்டாது. குடலை இல்லாத வீடுகளில் இலை வைத்த டம்ளரிலோ கிண்ணத்திலோ வார்த்து அவிக்கலாம். உளுந்து புதியதாயிருத்தல் நன்று. பழைய உளுந்து அரைக்கும்போது நன்கு பொங்குவதில்லை.

இங்கே நெசவாளரும் உழவரும் ஒருவர்க்கொருவர் துணையாதல் கூடும். நெல் அறுவடைக்குப்பின் உளுந்து விதைத்தால் அதன் வேர்முடிச்சுகள் நிலத்திற்குத் தழைச்சத்தை ஈட்டித் தருகின்றன. அவ்வுளுந்தைச் சங்கத்தின் வழியே நேராக வாங்கினால் உழவர்க்கு விலையும், நெசவாளர் வீட்டுக்குப் புதிய சரக்கும் கிடைக்கும். ஆட்டுக்கல்லின் முன் அமரப் பொழுதில்லாத வீடுகளுக்காக, பொது அரவை இயந்திரம் ஒன்றை அமைப்பதையும் சங்கங்கள் ஆலோசிக்கலாம். கோயிலில் காத்துவரும் பக்குவம் நெசவாளர் இல்லங்களிலும் நிலைபெறுமாறு செய்வது நம் கடமையன்றோ!