கறளில் விழும் வெயில்

கடற்காற்றில் எங்கள் வீட்டுக் கேற் கறள் பிடிக்கும். வருஷத்துக்கு இரண்டு தரம் சுரண்டிப் பெயின்ற் அடிப்பேன். அந்தக் கறளைப் பூசிய மின்வாயில் வெயில் பட்டால் நீரைப் பிரிக்கலாம் என்று உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் கட்டுரை எழுதி வந்தான். தமிழ் படிப்பிக்கிற என்னிடம் அவன் கேட்டது ஒரு சொல்லைத்தான்: “சேர், ‘துணை ஊக்கி’ என்டு போட்டாச் சரியா?” விஷயம் விளங்காமல் சொல்லுக்கு எப்படிப் புள்ளி போடுவது?

மின்வாயில் ஒளி பாய்ச்சி நீரைப் பிரித்ததை ஜப்பானியர்களான புஜிஷிமாவும் ஹொண்டாவும் 1972 இல் வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்தது உரூத்தைல்; நமது புல்மோட்டை மணலிலும் கிடக்கிற கனியம். ஆனால் அது உறிஞ்சுவது கழியூதாக் கதிரைத்தான். வெயிலில் அது 5 வீதமளவே.

கறள், அதாவது இரும்பு ஒட்சைட்டு, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் விழுங்கும். மலிவானது. பிறகென்ன குறை? ஒளி பட்டதும் ஓர் இலத்திரன் இடம்பெயர்ந்து, அது விட்ட இடத்தில் ‘துளை’ ஒன்று உண்டாகும். அந்தத் துளை மேற்பரப்புக்கு வந்து நீரிடமிருந்து இலத்திரனைப் பறிக்க வேண்டும். ஆனால் சில நனோமீற்றர் தூரம் போவதற்குள் பெரும்பாலான துளைகள் அழிந்துவிடுகின்றன. தப்பி வந்தவையும் வாசலில் காத்து நிற்க வேண்டும். ஓர் ஒட்சிசன் மூலக்கூறு உண்டாக நாலு துளைகள் வேணுமே! நிற்கும்போதே ஓர் இலத்திரன் வந்து கூடிவிட்டால் பிடித்த வெயில் வெறும் சூடாகிப் போகும். அதனாலும் வெளியிலிருந்து மின்னழுத்தம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

2008 இல் அமெரிக்காவில் கனனும் நொசேராவும் கோபாற்று–பொசுபேற்று ஊக்கியைக் கண்டார்கள். அடுத்த வருஷமே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கமெலின் குழு அதைக் கறள் மின்வாயின்மேல் படியவைத்தது. ஒட்சிசன் வெளிவரத் தொடங்குவதற்கான மின்னழுத்தம் 0.35 வோல்ற்றுக்கு மேல் இறங்கியது. நீரைப் பிரிக்கக் குறைந்தது 1.23 வோல்ற்று வேண்டும் என்பதை வைத்துப் பார்த்தால் இது சில்லறைக் கணக்கல்ல. ஆனால் தடிப்பாகப் பூசினால் பூச்சே இடைஞ்சல்.

சொல் இடறியது இதற்குப் பிறகுதான். அந்தப் பூச்சு வினையை வேகப்படுத்துகிறதா, அல்லது துளைகள் இலத்திரனோடு கூடாமல் காக்கிறதா? பின்னதே பிரதானம் என்று லண்டன் இம்பீரியல் கல்லூரியின் டறன்ற் குழு காட்டியது. பூச்சுத்தான் துளைகளை வாங்கி நீருக்குக் கொடுக்கிறது என்று வேறு ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். காவல்தான் அதன் வேலையென்றால் ‘ஊக்கி’ என்பது அரைச்சொல்தானே?

“அப்ப ‘காவல் பூச்சு’ என்டு மாத்தவா சேர்?” என்றான்.

மாற்ற வேண்டாம், பக்கத்தில் இந்தச் சண்டையையும் நாலு வரி எழுது என்றேன். பாடசாலைச் சஞ்சிகைக்குத்தானே, பரீட்சைக்கில்லையே.