தானே உதிரும் பொருக்கு

பிறந்து சில வாரமே ஆன குழந்தையின் உச்சந்தலையில் மஞ்சளாக, பிசுபிசுப்பாக ஒரு பொருக்கு படியத் தொடங்கும். சில குழந்தைகளுக்குப் புருவத்திலும் காதுக்குப் பின்னாலும்கூடப் படரும். குழந்தைக்கு அதனால் பெரும்பாலும் எந்தத் தொல்லையும் இல்லை. பால் குடிக்கிறது, தூங்குகிறது, எடை கூடுகிறது. தவிப்பதெல்லாம் பெரியவர்கள்தான். அரியலூர் மாவட்டத்தின் ஜெயங்கொண்டம் வட்டாரத்தில், உடையார்பாளையமானாலும் ஆண்டிமடமானாலும், பிள்ளை பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிவிட்டுப் போவார்கள். உச்சியில் விளக்கெண்ணெய் வை, வேப்பெண்ணெய் தடவு, கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெயைத் தேய், மருந்துக்கடையில் ஒரு களிம்பு வாங்கு, தாய்க்குக் கத்தரிக்காயையும் கருவாட்டையும் நிறுத்து, சீக்கிரமாக மொட்டை அடித்துவிடு. இத்தனையில் எதை எடுப்பது, எதை விடுவது? முடிவெடுக்க ஓர் உண்மை போதும். இந்தப் பொருக்கு தானே போகக்கூடியது. தானே போவதற்கு எதைச் செய்தாலும் பலித்ததுபோலத்தான் தெரியும். ஆகவே பலித்ததா என்று பார்த்து இங்கே வைத்தியத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. கெடுதல் செய்யுமா என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தானே போகும் என்று எப்படி உறுதியாகச் சொல்ல முடிகிறது? தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளைப் பார்த்தால் புரியும். கருவில் இருக்கும்போதே இந்தச் சுரப்பிகள் ஹார்மோன்களின் தூண்டுதலால் முழு வேகத்தில் வேலை செய்கின்றன. பிறந்த பிறகும் அந்த வேகம் உடனே அடங்கிவிடுவதில்லை. சுரக்கும் எண்ணெயை நம்பி வாழ்கிறது மலாசீசியா என்ற ஈஸ்ட் வகை நுண்ணுயிர். 1874இல் பிரெஞ்சு ஆய்வாளர் லூயி-ஷார்ல் மலாசே தோல் செதில்களில் இதைக் கண்டு விவரித்ததால் அவர் பெயரே இதற்கு நிலைத்தது. ஏறக்குறைய எல்லா மனிதர் தோலிலும் இது இருக்கிறது. அழுக்கினாலோ கவனக்குறைவினாலோ வருவதல்ல. கொழுப்பு அமிலத்தைத் தானே தயாரிக்கும் திறன் இதற்கு இல்லை என்பதை 2007இல் வெளியான இதன் மரபணுத் தொகுப்பு காட்டியது. அதனால் நம் தோல் எண்ணெயைச் சிதைத்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை விட்டுவிடுகிறது. அந்த மிச்சம் தோலை உறுத்துகிறது. உறுத்தப்பட்ட தோல் அவசரமாகப் புதுச் செல்களை மேலே தள்ளுகிறது. முதிராமல் வந்த செல்கள் எண்ணெயோடு ஒட்டிப் பொருக்காகின்றன. ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் சுரப்பிகள் சுருங்கி அடங்கிவிடுகின்றன. தீனி குறைந்ததும் பொருக்கும் குறைகிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பள்ளி செல்லும் வயதை எட்டாத 1,116 குழந்தைகளைப் பரிசோதித்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், 42 விழுக்காட்டினருக்குத் தலைப் பொருக்கு இருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு அது லேசானதுதான். முதல் மூன்று மாதத்தில் மிகுந்திருந்து, ஒரு வயதுக்குள் வேகமாகக் குறைந்திருந்தது.

இந்தக் காலக்கணக்கை மொட்டை அடிக்கும் வழக்கத்தோடு வைத்துப் பாருங்கள். நம் வீடுகளில் குலதெய்வக் கோயிலில் முதல் மொட்டை பெரும்பாலும் ஏழாம் மாதம், ஒன்பதாம் மாதம், பதினோராம் மாதம் என்று ஒற்றைப்படையில் வரும். சுரப்பிகள் அடங்கும் பருவமும் அதுவே. மொட்டை அடித்த சில வாரத்தில் தலை சுத்தமாகிவிட்டால் பெயர் கத்திக்குப் போகிறது. முடியை மழித்தால் தோலுக்குள் இருக்கும் சுரப்பி மாறாது. நேர்த்திக்கடனாக மொட்டை அடிப்பது குடும்பத்தின் விருப்பம். பொருக்குக்கு மருந்தாக அவசரப்பட்டு அடிக்கத் தேவையில்லை. பொருக்கின் மேல் கத்தி பட்டால் தோல் கீறி சீழ் பிடிக்கவும் கூடும். மற்ற வைத்தியங்களுக்கும் இதே கணக்குதான். மருந்துகளை ஒப்பிட்டுப் பார்க்க முயன்ற காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 2019இல் உலகம் முழுவதும் தேடியும் தகுதியான ஆறு சோதனைகளைத்தான் கண்டது. அவற்றில் மொத்தம் 310 குழந்தைகள். எந்தச் சிகிச்சை சிறந்தது என்று உறுதியாகச் சொல்ல அது போதவில்லை. இது சிகிச்சைகளின் தோல்வி என்று நினைக்க வேண்டாம். எதுவும் செய்யாத குழந்தைகளுக்கும் சரியாகிவிடுவதால், மருந்தின் பங்கைப் பிரித்து எடுப்பது கடினம் என்பதும் இதற்கு ஒரு காரணம்.

பலன் நிச்சயமில்லாத இடத்தில் தீங்கைத்தான் முதலில் எடைபோட வேண்டும். கற்பூரம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலுக்குள் போகக்கூடியது. சிறு குழந்தைகளுக்கு அது வலிப்பை வரவழைக்கக்கூடும். அதை எண்ணெயில் காய்ச்சித் தலையில் தேய்ப்பதை முழுவதுமாக விட்டுவிட வேண்டும். வேப்பெண்ணெய் உள்ளே போய்விட்டால் நிலைமை ஆபத்தாகும். மலேசியாவில் அதைக் குடிக்கக் கொடுக்கப்பட்ட குழந்தைகள் வாந்தி, மயக்கம், வலிப்பு என்று மருத்துவமனைக்கு வந்ததை 1981இல் லான்செட் மருத்துவ இதழ் பதிவு செய்தது. தலையில் தடவியது கைக்கும், கையிலிருந்து வாய்க்கும் போகும் வயது இது. எலுமிச்சைச் சாறும் வெங்காயச் சாறும் தோலை எரிக்கும். பெரியவர்களுக்கான பொடுகு ஷாம்பு சிலவற்றில் சாலிசிலிக் அமிலம் உண்டு; உடல் எடையோடு ஒப்பிட்டால் குழந்தைக்குத் தோல் பரப்பு அதிகம் என்பதால் உறிஞ்சப்படும் அளவும் அதிகம். இந்தக் காரணமே ஸ்டீராய்டு களிம்புக்கும் பொருந்தும். ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்த குழாய்க் களிம்பைத் தடவினால் இரண்டே நாளில் சிவப்பு மறைந்து எல்லோரையும் நம்பவைக்கும். நிறுத்தியதும் திரும்பும். திரும்பத் திரும்பத் தடவத் தோல் மெலியும். படர்தாமரையாக இருந்தால் அடையாளம் தெரியாமல் பரவும். 2018இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று பட்டியலில் சேர்த்தது இந்தக் கேடுகளைப் பார்த்துத்தான். முந்திரி விளையும் இந்த வட்டாரத்துக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். முந்திரிக்கொட்டையின் ஓட்டுப்பால் பெரியவர் கையையே புண்ணாக்கக்கூடியது. கொட்டை உடைத்த கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவாமல் குழந்தையின் தலையைத் தொடக்கூடாது.

அப்படியானால் எண்ணெயே வேண்டாமா? எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிருக்கு எண்ணெய் ஊற்றுவது பகைவனுக்குச் சோறு போடுவதாகாதா? நியாயமான கேள்விதான். ஆய்வகத்தில் இந்த ஈஸ்ட்டை வளர்க்க ஊட்டக்கூழின் மேல் ஆலிவ் எண்ணெயைத்தான் ஊற்றுகிறார்கள். 2013இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஆய்வாளர்கள், ஆலிவ் எண்ணெய் பெரியவர்களின் தோலின் பாதுகாப்பு அடுக்கையே பலவீனப்படுத்துவதைக் காட்டினார்கள். தேங்காயெண்ணெயின் இயல்பு வேறு. அதில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம்; ஆலிவில் மிகுந்திருக்கும் ஓலிக் அமிலம் இதில் மிகக் குறைவு. பிலிப்பைன்ஸில் தோல் அழற்சியுள்ள 117 குழந்தைகளிடம் நடத்தி 2014இல் வெளியிட்ட சோதனையில், கனிம எண்ணெயைவிடத் தேங்காயெண்ணெய் தோலுக்கு நன்மை செய்தது. அது வேறு வகைத் தோல் நோய் என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் குழந்தைத் தோலுக்கு இந்த எண்ணெய் ஒத்துக்கொள்கிறது என்ற அளவுக்கு அது ஆறுதல் தருகிறது. உண்மையில் எந்த எண்ணெய் என்பதைவிட எவ்வளவு நேரம் என்பதே பெரிய விஷயம். எண்ணெயின் வேலை பொருக்கை ஊறவைப்பது. ஊறியதும் அது வெளியேற வேண்டும். உச்சியில் விளக்கெண்ணெயைக் கெட்டியாக வைத்து நாள் முழுவதும் விட்டுவிட்டு, மறுநாள் அதன்மேலேயே மறுபடி வைப்பது பொருக்கின் மேல் பொருக்கைக் கட்டுகிறது.

செய்யும் முறை எளிது. குளிப்பாட்டுவதற்கு அரை மணி நேரம் முன்பு, உள்ளங்கையில் நாலைந்து சொட்டுத் தேங்காயெண்ணெய் எடுத்து விரல் நுனியால் பொருக்கின் மேல் மெல்லத் தடவ வேண்டும். பொருக்கின் ஓரம் இளகித் தூக்கிக்கொள்வது கண்ணுக்கே தெரியும். பிறகு மென்மையான குழந்தைச் சீப்பாலோ மெல்லிய பருத்தித் துணியாலோ ஒரே திசையில் வருடினால் இளகியது மட்டும் வரும். வராததை நகத்தால் கிள்ளக் கூடாது. கிள்ளினால் கீழே ஈரமான சிவப்புத் தோல் தெரியும், கிருமிக்கு அதுவே வாசல். கடைசியில் வெதுவெதுப்பான நீரில் மிதமான குழந்தை ஷாம்பு ஒரு சொட்டுப் போட்டு எண்ணெய் முழுவதும் போகும்வரை அலச வேண்டும். சீயக்காயும் அரப்பும் பெரியவர் தலைக்கு நல்லவைதான்; குழந்தையின் கண்ணுக்கும் மூக்குக்கும் அந்தத் தூள் ஆகாது. மூக்கில் எண்ணெய் விடுவதும், காலில் போட்டுக் குளிப்பாட்டும்போது வாயிலும் மூக்கிலும் எண்ணெய் வழிய விடுவதும் நுரையீரலுக்கு எண்ணெயைக் கொண்டுபோய்விடும். உச்சிக்குழியைத் தொட பயந்து அந்த இடத்தை மட்டும் கழுவாமல் விடுகிற வீடுகள் பல. அங்கே தோலுக்குக் கீழே உறுதியான சவ்வு இருக்கிறது. மென்மையாகத் தேய்ப்பதால் எதுவும் ஆகாது. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் போதும். அரசு மருத்துவமனையில் பிரசவித்த தாய்மாருக்குத் தமிழக அரசு 2015இல் கொடுக்கத் தொடங்கிய குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தின் 16 பொருள்களில் எண்ணெய், ஷாம்பு, நகவெட்டி எல்லாமே இருந்தன. ஆகவே இந்த முறைக்குப் பெரிய செலவு இல்லை.

இத்தனை தலைமுறை வளர்ந்தது பாட்டி வைத்தியத்தில்தானே என்ற எதிர்வாதம் எழும். அதில் உண்மை இருக்கிறது. எண்ணெய் தடவிக் குளிப்பாட்டும் வழக்கத்தின் மையம் சரியானது. மேலே சொன்ன முறையும் அதிலிருந்தே வருகிறது. ஆனால் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தானே சரியாகிவிடும் ஒன்றில், செய்தவற்றில் எது உதவியது, எது வெறுமனே உடனிருந்தது என்பதைப் பழக்கம் பிரித்துக் காட்டாது. இதைக் கரப்பான் என்று சொல்லித் தாய்க்குப் பத்தியம் வைப்பதில்தான் இது மிகவும் வருத்தம் தருகிறது. பிள்ளை பெற்ற உடம்பு ரத்தமும் சத்தும் இழந்து நிற்கிற நேரத்தில் மீனையும் கம்பையும் காய்கறியையும் ஒவ்வொன்றாக நிறுத்துகிறார்கள். தலைப் பொருக்கு எண்ணெய்ச் சுரப்பியால் வருவது; தாய் தின்ற கத்தரிக்காயால் வருவதல்ல. தாயின் தட்டில் கை வைப்பதால் பொருக்கு ஒரு நாள்கூட முன்னதாகப் போகப்போவதில்லை. போவது தாயின் பலம்தான்.

காத்திருக்கச் சொல்வதில் ஓர் ஆபத்து உண்டு. வேறு நோயையும் பொருக்கு என்று நினைத்துக் காத்திருந்துவிடலாம். அதற்கும் சுரப்பியின் கணக்கே வழிகாட்டுகிறது. ஒரு வயதில் அடங்கிய சுரப்பிகள் பருவ வயது நெருங்கும்வரை மறுபடி விழிப்பதில்லை. ஆகவே அங்கன்வாடிக்கும் தொடக்கப் பள்ளிக்கும் போகிற பிள்ளையின் தலையில் செதில் உதிர்ந்தால், அதைப் பொடுகு என்று விட்டுவிடாமல் வெளிச்சத்தில் உட்காரவைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளையாக இருப்பது முடியோடு ஒட்டிக்கொண்டு நகர மறுத்தால் ஈர். செதிலோடு வட்டமாக முடி கொட்டி, அந்த இடத்தில் முடி ஒடிந்து கறுப்புப் புள்ளிகளாக நின்றால் தலையில் வந்த படர்தாமரை. பின்கழுத்தில் நெறி கட்டியிருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். இதைப் புழுவெட்டு என்று நினைத்துச் சின்ன வெங்காயம் தேய்ப்பவர்கள் உண்டு. புழுவெட்டில் முடி போன இடம் வழவழவென்று இருக்கும், செதில் இருக்காது. தலைப் படர்தாமரையில் பூஞ்சை முடித்தண்டுக்குள்ளேயே குடியேறிவிடுவதால் மேலே தடவும் எதுவும் அதை எட்டாது. செதிலையும் முடியையும் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்து, கிரிசியோஃபல்வின் போன்ற மருந்தை மருத்துவர் சொல்லும் அளவில் ஆறு முதல் எட்டு வாரம் உள்ளுக்குக் கொடுக்க வேண்டும். சீப்பு, துண்டு, தொப்பி வழியாக உடன்பிறந்தோருக்கும் பரவும். இங்கே தாமதம் செய்தால் முடி வேரோடு போய்த் தழும்பாகிவிடவும் கூடும்.

கைக்குழந்தையிலும் சில அறிகுறிகள் காத்திருக்கக் கூடாதவை. பொருக்கிலிருந்து நீர் அல்லது சீழ் வடிவது, காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, இரவெல்லாம் அரிப்பால் அழுவது, உடல் முழுவதும் சிவந்து பரவுவது, எடை ஏறாமல் நிற்பது, தோலில் ரத்தப் புள்ளிகள் தெரிவது, ஒரு வயது தாண்டியும் குறையாதது ஆகியவை அவை. வீட்டுக்கு வரும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் முதலில் காட்டலாம். தேவைப்பட்டால் ஜெயங்கொண்டம் அரசு மருத்துவமனைக்கோ, 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ போகலாம். மற்றபடி பெரும்பாலான குழந்தைகளுக்கு அரை மணி நேர எண்ணெயும் நல்ல அலசலும் சில மாதப் பொறுமையும் போதும். பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் புது வைத்தியம் ஒன்றைச் சொல்லிவிட்டு வருவதைவிட, "இது தானே போய்விடும், நீ வயிறாரச் சாப்பிடு" என்று அந்தத் தாயிடம் சொல்லிவிட்டு வந்தால், அதுவே அந்த வீட்டுக்குச் செய்யும் பெரிய உதவி.