ஆறு மணிக்குக் கீழே பாருங்கள்

பழைய வாட்ச் – 9

போன வாரம் வாட்சின் பின்மூடியைத் திறந்து மெஷினைப் பார்த்தோம். இந்த வாரம் முகத்துக்கு வருவோம். பழைய வாட்ச் வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுவது டயலில்தான்.

சீகோ 5-ஐ எடுத்துக்கொள்வோம். 1963-ல் ஜப்பானில் பிறந்த வரிசை இது. எழுபது, எண்பதுகளில் வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஊர் திரும்பிய பலர் தம்பிக்கும் மச்சானுக்கும் கட்டிவிட்ட வாட்ச். இன்று இணையத்தில் அது ஆரஞ்சு, கிளிப்பச்சை டயலோடு, நேற்றுச் செய்ததுபோல விற்பனைக்கு வருகிறது. இப்படி மறுபூச்சு பூசியவற்றுக்குச் சேகரிப்பாளர்கள் வைத்த கேலிப் பெயர் ‘மும்பை ஸ்பெஷல்’.

நிறத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். சீகோவே வண்ண டயல்கள் போட்டிருக்கிறது. எழுத்தைப் படியுங்கள்.

ஆறு மணிக்குக் கீழே, டயலின் விளிம்பை ஒட்டி, எறும்பு ஊர்ந்ததுபோல ஒரு வரி இருக்கும். லென்ஸ் வைத்தால்தான் தெரியும். 7009 மெஷின் உள்ள வாட்ச் என்றால் அந்த வரியில் 7009 என்ற எண் வரவேண்டும். அதையடுத்து ஒரு சிறுகோடு, பிறகு டயலுக்கான குறியீடு. பின்மூடியிலும் 7009 என்று தொடங்கும் ஓர் எண் உண்டு. முதல் நான்கு இலக்கங்கள் இரண்டிலும் ஒன்றாக இருக்கவேண்டும். அடுத்துள்ளவை ஒத்துப்போகவில்லையே என்று பதறவேண்டாம்: பின்னால் இருப்பது கேஸின் எண், முன்னால் இருப்பது டயலின் எண். மறுபூச்சில் இந்த வரி அழிந்துபோயிருக்கும், அல்லது வேறு மெஷினின் எண் விழுந்திருக்கும்.

அடுத்து, அச்சு. தொழிற்சாலையில், செதுக்கிய தகட்டில் மையை நிரப்பி, அதை மெத்தென்ற பஞ்சணை போன்ற ஒன்றால் ஒற்றியெடுத்து டயலில் பதிப்பார்கள். எழுத்து மெல்லியதாக, ஓரம் கூர்மையாக விழும். மறுபூச்சில் எழுத்து தடித்து, மை ஊறியதுபோல இருக்கும். நிமிடக் கோடுகளையும் பாருங்கள். பன்னிரண்டிலும் ஆறிலும் உள்ள உலோகப் பட்டைகளின் நடுவில் அவை நேராக வந்து நிற்கவேண்டும். ஒரு முடி அகலம் விலகினாலும் சந்தேகப்படலாம். கிழமை, தேதி தெரியும் சன்னலின் ஓரத்தில் பெயின்ட் திரண்டு மழுங்கியிருந்தால் சந்தேகம் வலுக்கிறது.

மூன்றாவது, வயசு. டயலும் முள்ளும் ஒரே கண்ணாடிக்குள் ஒரே காற்றில் கிழடானவை. முள்ளில் துருப் புள்ளி, ஒளிப்பூச்சில் பழுப்பு. டயல் மட்டும் புதுமாப்பிள்ளை என்றால் கணக்கு உதைக்கிறது. பெட்டியிலேயே உறங்கிய வாட்ச் புதிதாக இருக்கலாம். அப்போது முள்ளும் கேஸும் சேர்ந்தே புதிதாக இருக்கும்.

சுவிஸ் வாட்சுகளில் இன்னொரு தடயம் உண்டு. ஆறு மணிக்குக் கீழே ‘சுவிஸ்’ என்ற சொல்லின் இருபுறமும் ‘டி’ எழுத்து இருந்தால் ஒளிப்பூச்சில் டிரிட்டியம் இருக்கிறது என்று பொருள். அதன் அரை ஆயுள் சுமார் 12.3 ஆண்டு. அறுபதுகளில் செய்த டிரிட்டியம் டயல் இன்றும் இருட்டில் விடிய விடிய ஒளிர்ந்தால், பிற்பாடு யாரோ பூசியிருக்கிறார்கள். அதற்கு முந்தைய ரேடியம் வேறு கதை. ஒளி செத்தாலும் கதிர்வீச்சு சாகாது. ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டு. அந்த டயலைச் சுரண்டிப் பார்க்கும் ஆசை வேண்டாம்.

மறுபூச்சு செய்தவர்களைத் திட்டிப் பயனில்லை. உள்ளே ஈரம் புகுந்து டயல் கறைபட்டால், சட்டைக்குச் சாயம் போடுவதுபோல அதைப் புதுப்பித்துக் கொடுப்பது அன்று சாதாரண வேலை. வாட்சின் சொந்தக்காரரே கேட்டு வாங்கிய வேலை. இன்று அதையே ‘ஒரிஜினல்’ என்று சொல்லி விலை ஏற்றுவதுதான் மோசடி.

உங்கள் அப்பாவின் வாட்ச் அலமாரியில் கிடக்கிறதா? டயல் கறுத்திருந்தால் கறுத்தபடியே இருக்கட்டும். சர்வீசுக்குக் கொடுக்கும்போது மெஷினை மட்டும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். ‘டயலைத் தொடவேண்டாம்’ என்று ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

(தொடரும்)