நாயின் தினவும் ஒவ்வாமையும்

மலாக்கா மாநிலத்துத் தோட்டப்புறங்களில் நாய்க்கும் நமக்கும் உள்ள உறவு பழமையானது. விடியுமுன் பால்மரம் வெட்டச் சென்றோர்க்குத் துணையாக நடந்தது நாய். ரப்பர் நின்ற நிலத்தில் செம்பனை வந்தது. ஜாசின், அலோர் காஜா வட்டாரத்துத் தோட்ட மக்கள் பலர் நகரத்துத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தனர். நாயும் உடன் வந்தது. அந்நாய் ஓயாது சொறிந்து, மயிர் உதிர்ந்து நின்றால், 'சொறிநாய்' என்று பெயர் சூட்டிவிடுகிறோம். பெயர் சூட்டியதும் வீட்டுக் கதவு அதற்கு அடைபடுகிறது. பிள்ளைகளுக்கு ஒட்டிவிடும் என அஞ்சித் தொலைவில் கொண்டுபோய் விட்டுவிடுவாரும் உளர். இவ்வச்சம் எல்லா நாய்க்கும் பொருந்துமா என்பதை ஆராய்வோம்.

சொறிதல் ஒன்றாயினும் காரணம் பல. அவற்றுள் மூன்றை வேறுபடுத்தி அறிதல் நலம். முதலாவது, தோலைத் துளைத்து வாழும் நுண்ணிய சொறிப்பூச்சியால் வருவது. இது பெரும்பாலும் காது விளிம்பிலும் முழங்கையிலும் தொடங்கும்; பிற நாய்களுக்கு ஒட்டும்; மனிதருக்கும் சில காலம் தினவு தரும். இரண்டாவது, தெள்ளுப்பூச்சியால் வருவது. அதன் எச்சில் ஒவ்வாத நாய்க்குச் சில கடிகளே போதும். வாலடியும் பின்முதுகும் புண்ணாகும். குளிர்காலம் இல்லாத நம் நாட்டில் தெள்ளு ஆண்டு முழுதும் பெருகும். மூன்றாவது, சூழலிலுள்ள தூசியும் மகரந்தமும் பூஞ்சணமும் ஒவ்வாமையால் வருவது. இது எவருக்கும் ஒட்டாது.

'ஒவ்வாமை' என்பது எதிர்மறைத் தொழிற்பெயர். 'உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என நம் பாட்டிமார் சொல்லும் சொல்லும் அதே 'ஒ' என்னும் அடியில் பிறந்ததே. 'அலர்ஜி' என்னும் சொல்லை 1906-இல் ஆக்கியவர் வியன்னா நகரத்து மருத்துவர் பிர்க்கே. 'வேறு', 'செயல்' என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களை அவர் இணைத்தார். நாய்க்கும் மகரந்த ஒவ்வாமை உண்டென்பதை 1941-இல் விட்டிச் என்பார் எழுதி வெளிப்படுத்தினார்.

இது நிகழும் முறை யாது? தோல் உடலுக்கு மதில் போன்றது. சில நாய்களுக்குப் பிறப்பிலேயே அம்மதில் நெகிழ்ந்திருக்கும். அவ்வழியே தூசியின் புரதம் நுழைய, உடல் அதனைப் பகையெனப் பிழைபடக் கருதி எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. மறுமுறை அத்தூசி படும்போது தோல் சிவந்து வீங்கி, நரம்புகள் தினவை உணர்த்துகின்றன. ஒவ்வாமையுற்ற மனிதர் பலர் தும்முவர். நாயோ பெரும்பாலும் சொறியும். ஆறு மாதத்திற்கும் மூன்று வயதிற்கும் இடையே இந்நோய் தோன்றுவது பெருவழக்கு. பாதங்களை நக்குதல், முகத்தைத் தரையில் தேய்த்தல், காதுப்புண் மீண்டும் மீண்டும் வருதல், அக்குளும் வயிறும் சிவத்தல் ஆகியன இதன் அறிகுறிகள்.

வீட்டுத் தூசியில் வாழும் உண்ணியே ஒவ்வாமைக்குத் தலையாய காரணம் என்பதை 1964-இல் ஆலந்து நாட்டு லைடன் நகர ஆய்வாளர் நிறுவினர். அது ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவே உடையது, கடிக்காது, உதிர்ந்த தோலைத் தின்று வாழும். அதன் கழிவே நோய்க்கு வித்து. காற்றில் ஈரம் மிக்க மலாக்காவின் தட்பவெப்பம் அதற்கு ஏற்றது. பழைய மெத்தையும், நாய் படுக்கும் கோணிச்சாக்கும் அதன் உறைவிடங்கள்.

இனி மருத்துவம். நாயின் மேல் பழைய எந்திர எண்ணெயும் மண்ணெண்ணெயும் பூசும் வழக்கம் இன்றும் சிலரிடம் உண்டு. இது பெருந்தீங்கு. புண்பட்ட தோல் வெந்துபோவதோடு, நாய் அதனை நக்குவதால் நஞ்சு வயிற்றினுள்ளும் செல்லும். முதலில் கால்நடை மருத்துவரைக் கொண்டு சொறிப்பூச்சி, தெள்ளு, உணவொவ்வாமை ஆகியவற்றை ஒவ்வொன்றாக விலக்கிய பின்னரே சூழல் ஒவ்வாமை எனத் தெளிய வேண்டும். இந்நோய் பெரும்பாலும் முற்றத் தீராது. ஆயின் அடக்கி வைக்கலாம். மருத்துவர் கூறும் கழுவுநீரால் குளிப்பாட்டலும், படுக்கைத் துணியை வாரந்தோறும் வெந்நீரில் துவைத்தலும் பயன் தரும். தினவைத் தணிக்க அமெரிக்காவில் 2013-இல் ஒப்புதல் பெற்ற ஒக்லாசிட்டினிப் முதலிய மருந்துகள் உள்ளன. ஒவ்வாத பொருளையே சிறுகச் சிறுக ஊசிவழிச் செலுத்தி உடலைப் பழக்கும் முறையும் உண்டு. அதனை மனிதர்க்கு 1911-இல் இலண்டனில் கையாண்டு காட்டியவர் நூன் என்பார். ஸ்டீராய்டு மாத்திரை விரைந்து குணம் காட்டுமாயினும், மருத்துவரைக் கேளாது நெடுநாள் கொடுத்தல் தகாது.

சொறியும் நாயெல்லாம் சொறிநாய் அன்று. காரணம் தெளியுமட்டும் பிள்ளைகள் தொடாதிருப்பது அறிவுடைமை. தெளியுமுன்னே துரத்துவது அறிவுடைமையாகாது. சொற்களின் பொருள் வேறுபாட்டைக் கற்பிக்கும் தமிழாசிரியர்கள் 'சொறி', 'ஒவ்வாமை' என்னும் இவ்விரண்டையும் பிரித்து மாணவர்க்கு உணர்த்தினால், வாயில்லா உயிர்கள் சில வீடிழவாமல் பிழைக்கும்.